களிம்பு பிடிக்கும்வரை

எதைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றாலும், அது ஒரு நிமிடத்துக்கு மேல் என் கையில் தங்காது. "தா இஞ்சை" என்பார். கேட்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் பொருள் கைமாறியிருக்கும். பை, குடை, உரித்துக்கொண்டிருக்கும் வெங்காயம், நிரப்பத் தெரியாமல் வைத்திருக்கும் விண்ணப்பத் தாள், யாரோ ஒருத்தியின் அழுகிற குழந்தை, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் எங்கள் சனம் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரும் 'தாவிஞ்சை அக்கா' தான். அது அவருக்கும் தெரியும், தெரிந்தும் கோபித்ததில்லை. உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தப் பெயரே அவருக்குப் போதும்.

நான் அவரை முதலில் கண்டது மலையில். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அந்த நகரத்துக்கு வந்து ஒன்பது நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் மலைக்கு நடந்து ஏறுவார்கள். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அந்த ஏற்றத்தில் இல்லை. நானும் யாரோ கூப்பிட்டுப் போயிருந்தேன். புதுச் செருப்பு கடித்து, பாதி வழியில் அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன். செருப்புக்காக மட்டும் அழவில்லை, அது வேறு கதை. பின்னால் வந்த ஒரு நாற்பது வயதுப் பெண், முன்பின் தெரியாதவர், "தா இஞ்சை" என்று செருப்பை வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார். செருப்பை வாங்குவதற்காகவே நான் உச்சிவரை அவருக்குப் பின்னால் ஏற வேண்டியதாயிற்று. உச்சியில் அந்தப் புனிதையின் குகை வாசலில், நான் சைவம், உள்ளே வரலாமா என்று கேட்டேன்.

"அவ தனியக் குகையிலை கிடந்தவ. ஆர் வந்தாலும் அவவுக்குச் சந்தோசம்தான்" என்றார். அதற்குப் பிறகுதான் செருப்பைத் தந்தார்.

அக்கா மன்னார்ப் பக்கம். கணவர் இல்லை. ஒரே மகள், கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் அகதி முகாமில் அக்காவின் தமக்கையோடு இருந்தாள். அக்கா வேலை செய்ததும் தங்கியதும் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில். பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியாத பள்ளிக்கூடம் அது. ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்னர் ஜப்பானிலிருந்து ஒரு ஆசிரியர் வந்து, இரண்டே இரண்டு அறைகளில், அந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தூரிகைச் சித்திரமும் அரக்குப் பூச்சு வேலையும் படிப்பித்த இடம். அரசாங்கமும் இல்லை, மடமும் இல்லை, அவருடைய சொந்தப் பள்ளி. நான் பார்த்தபோது பலகைத் தளமும், முழங்கால் உயர மேசைகளும், சுவரில் பழுப்பேறிய சில சித்திரங்களும்தான் மிச்சம். அந்த ஆசிரியர் ஊர் திரும்பாமலேயே இறந்துபோனார். தங்கள் ஊரில் ஒரு நல்ல ஆசிரியர் செத்தால் பள்ளிக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு சின்னக் கோயில் வைப்பார்கள் என்று அவர் எப்போதோ சொன்னதை வைத்து, மாணவிகள் முற்றத்தில் அவருக்கு ஒன்று கட்டினார்கள். தச்சனுக்கு ஜப்பான் எந்தத் திசையில் என்றும் தெரியாது. அவன் தேவாலயங்களுக்கு, சனம் முழங்காலில் நின்று பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு செய்கிறவன். ஆகவே கூரை மட்டும் ஜப்பான், கீழே முழுக்கக் கூண்டு. அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைக் கண்டு முழங்காலில் நின்று, கதைக்கத் தொடங்கியபிறகுதான் உள்ளே சுவாமி இல்லை, பெயர்ப்பலகை ஒன்றும் ஒரு தூரிகையும்தான் இருக்கின்றன என்று கண்டாராம். "தொடங்கினதை விடக்கூடாது எண்டு அந்த மாஸ்டரிட்டையே பாவத்தைச் சொல்லிப்போட்டு வந்தன். ஒண்டும் சொல்லேல்லை, நல்ல மனிசன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கோயிலுக்கு முன்னால், இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு வெண்கல மணி தொங்கியது. ஆசிரியரின் ஊரவர்கள் கப்பலில் அனுப்பியது. இரண்டு சாண் உயரம், நாக்கு இல்லை, மரத்தடியால் வெளியிலிருந்து அடிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை பச்சைக் களிம்பு.

அந்த இடத்தின் சொந்தக்காரி மாடியில் இருந்த சின்னோரா, வீட்டம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், எண்பது தாண்டியவர். அவருடைய தாய் அந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தி. வருடத்தில் இரண்டோ மூன்றோ தடவை ஜப்பானியர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். சின்னோராவால் இறங்கி வர முடியாத நாட்களில் அக்காதான் காட்டுவார். என்ன ஒரு நிமிர்வு. ஜப்பானைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் தன் மன்னார் இத்தாலியத்தில் ஒவ்வொரு மேசையாகக் காட்டி, மாஸ்டர் பிள்ளைகளை அடித்ததில்லை, பாடம் தொடங்கமுன் எல்லோரையும் கூட்டித் துடைக்க வைப்பார், இன்னார் இந்த மேசை, இன்னார் அந்த மேசை என்று, தானும் அதே வகுப்பில் படித்தவர்போலச் சொல்வார். வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் "தா இஞ்சை" என்று சப்பாத்தை வாங்கி வாசலில் அடுக்குவார். தங்கள் வழக்கத்தை இந்தப் பெண் இவ்வளவு மதிக்கிறாளே என்று ஜப்பானியர்கள் குனிந்து குனிந்து கும்பிடுவார்கள். அக்காவுக்கு அவர்கள் வழக்கமெல்லாம் தெரியாது. காலையில் தளம் துடைத்தவர் அவர், அவ்வளவுதான்.

சின்னோராவின் தம்பி மகன் ஒருவர் இருந்தார். கட்டட அளவையாளர். கொழுத்த மனிதர், நல்ல சப்பாத்து. அவரிடமும் அக்கா வாங்கித்தான் உள்ளே விட்டார். சொந்த அத்தை வீட்டில் வெறும் காலுறையோடு நடக்கவேண்டி வந்த கடுப்பில், மூலையில் நின்ற என்னைக் காட்டி, இவளிடம் தாள் இருக்கிறதா, குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், எனக்கு ஆள் தெரியும் என்று கேட்டார். அக்கா, "இருக்கு, வீட்டிலை" என்று கண் இமைக்காமல் சொன்னார். என்னிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. கள்ளமாக வந்தவள் நான். நகரத்தின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வீட்டில் ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த மனிதரின் கார் வாசலில் நின்றால் நான் அடுத்த சந்தியைச் சுற்றிக்கொண்டு போவேன்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. வியாழன்களில் நான் அக்காவிடம் போவேன். இதைக் கேட்கிறவர்கள் அவர் என்னை அன்பாலேயே குளிப்பாட்டினார் என்று நினைக்கவேண்டாம். எனக்கு அவர்மீது வந்த கோபங்களும் கொஞ்சமில்லை. ஒரு சோறு சமைக்க விடமாட்டார். அரிசியைக் கழுவத் தொடங்கினால் தா இஞ்சை. தலை இழுக்கத் தொடங்கினால் சீப்பைத் தா இஞ்சை. இருபத்தைந்து வயதில் எனக்குப் பின்னல் பின்னிவிட்ட மனிசி. நான் என்ன கையில்லாதவளா என்று ஒருநாள் கேட்டேன். கையிருக்கு, ஆனால் நடுங்குது என்றார். அது உண்மை, அதனால் இன்னும் கோபம் வந்தது.

பெரிய கோபம் கடிதத்தால் வந்தது. எனக்குச் சொந்த விலாசம் இல்லாததால் ஊரிலிருந்து வரும் கடிதங்கள் அக்காவின் விலாசத்துக்கே வரும். ஒரு வியாழன் போனபோது என் கடிதத்தின் உறை கிழிந்திருந்தது. அக்கா கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, குடித்து முடித்தபிறகு, என் தம்பி ஊர்ச் சண்டையில் செல்லடி பட்டுப் போய்விட்டான் என்று சொன்னார். கடிதத்தைப் பிறகுதான் தந்தார். என் தம்பியின் சாவை எனக்கு முன்னால் வேறொருத்தி வாசித்துவிட்டாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் செத்ததைவிட அதற்காக நான் அன்று கத்தினேன் என்று இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது என்று கேட்டேன். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"தந்திருந்தா நீ பஸ்ஸிலை வாசிச்சிருப்பாய்" என்றார்.

ஒரு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து வந்த பஸ்ஸில், ஒரு பெண் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அத்தனை அந்நியருக்கு நடுவில் வாயைப் பொத்தி அழுவதைக் கண்டேன். எங்கள் ஆள்தான். அடுத்த வியாழன் அக்காவிடம் போனேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. என் கையிலிருந்த பாண் பையை வாங்கிக்கொண்டார்.

இனி அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன். அக்காவின் மகளுக்கு அப்போது பதினேழு முடிந்து ஏழு மாதம். பதினெட்டு முடிந்தால் தாய் தன் பிள்ளையைக் கூப்பிட முடியாது, அங்கத்தைய சட்டம் அப்படி. கூப்பிடுவதற்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி வேண்டும், அது இருந்தது. வேலை ஒப்பந்தம் வேண்டும், இருக்க வீடு இருக்கிறதென்ற அத்தாட்சி வேண்டும். இரண்டும் அந்தப் பள்ளிக்கூடத்தோடு கட்டியிருந்தன. வேலையும் அங்கே, பின்கட்டில் தங்கிய அறைகளும் அங்கே. சரியாக அந்த நேரம் பார்த்துச் சின்னோரா ஒரு முடிவெடுத்தார். தனக்குப் பிறகு இந்த இடத்தைக் காப்பாற்ற யாருமில்லை. ஆசிரியரின் ஊரில் இருக்கும் ஒரு சங்கம் பார்க்க வருகிறது. அவர்கள் பொறுப்பெடுத்தால் கொடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் தம்பி மகன் சொல்கிறபடி கார் தரிப்பிடம் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் மகள் வருவாள், பிடிக்காவிட்டால் வரமாட்டாள். இதை அக்கா ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். பிடிக்கும், ஏன் பிடிக்காது, நான் துடைக்கிற துடைப்புக்கு என்றார்.

முந்தின வியாழன் பின்னேரம் அத்தாட்சித் தாளுக்காக அக்கா நகரசபைக்குப் போகவேண்டியிருந்தது. கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பை என்னிடம் தந்தார். அது ஒரு அதிசயம், அவர் தருவது. தளம் துடைத்து வை, அந்தக் கோயில் கூரைக்குக் கீழே இருக்கிற ஒன்றிலும் கை வைக்காதே என்றார்.

நான் தளம் துடைத்தேன். மேசைகளைத் துடைத்தேன். முற்றம் கூட்டினேன். நேரம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் மணியைப் பார்த்தேன். மணி கூரைக்குக் கீழே இல்லை, வெளியே தொங்குகிறது. அன்றைக்கு வியாழன். எங்கள் வீடுகளில் வியாழன் பின்னேரம் என்ன வேலை நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் வெள்ளி, குத்துவிளக்கு மினுங்க வேண்டும். எட்டு வயதிலிருந்து கிணற்றடியில் குந்தியிருந்து பழப்புளி போட்டுத் தேய்த்த கை என்னுடையது. நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், சாமிக்கு முன்னால் மணி இப்படிக் களிம்பு பிடித்துக் கிடந்தால் இந்த வீட்டுப் பெண்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அக்காவின் குசினியில் பழப்புளி இருந்தது, உப்பு இருந்தது. ஒரு மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டு தொடங்கினேன். இரண்டரை மணித்தியாலம். தோள் கழன்றது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாட்டுக்கு வந்து நான் சந்தோசமாகச் செய்த முதல் வேலை அதுதான். முடிந்தபோது மணி பொன்னாகத் தொங்கியது.

அக்கா வந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். விரலால் தொட்டு முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

அவர் வாயிலிருந்து எனக்கு அப்படியொரு சொல் அதற்கு முன்னர் வந்ததில்லை. அன்று நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலை வீட்டில் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுத் தேநீர் எடுத்துக் கொடுக்க வந்தேன். தம்பி மகன் வருவார் என்று தெரியும். பயம் இருந்தது, ஆனால் மணியை அவர்கள் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. அதிகாலையில் பனி படிந்திருந்ததால் அதே மஞ்சள் துணியால் இன்னொரு தடவை துடைத்தேன்.

நான்கு பேர் வந்தார்கள். தலைவர் எழுபது வயதுப் பெரியவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியராம். கூட, ஜப்பானிய மொழி படித்த பலெர்மோப் பெண் ஒருத்தி மொழிபெயர்க்க. சின்னோராவை அக்காவும் நானும் கைத்தாங்கலாக இறக்கி வந்து முற்றத்தில் இருத்தினோம். சப்பாத்துகள் வாங்கப்பட்டன. அறைகளைப் பார்த்தார்கள். பெரியவர் ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்று குனிந்தார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு முற்றத்துக்கு வந்தார்கள்.

பெரியவர் மணியைக் கண்டதும் நின்றார். நான் எதிர்பார்த்த முகம் அதுவல்ல. கிட்டப் போய், தொடாமல், கையை ஒரு விரற்கடை தூரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மற்ற மூவரும் தங்களுக்குள் மெல்லக் கதைத்தார்கள். மொழிபெயர்க்கிற பெண் முகம் சிவக்க, சின்னோராவைப் பார்த்து, வெண்கலத்தின் அந்தப் பச்சைதான் அதன் வயது, நூறு வருடத்து மழையும் காற்றும் செய்தது, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார், அதை யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்றாள்.

சின்னோரா வாயில் கைவைத்தார். தம்பி மகனுக்கோ எதிர்பாராத வெற்றி. தெருவில் போகிறதுகளை எல்லாம் வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, யார் செய்தது என்று கேட்டார். அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இவளுக்குப் பெயர் என்ன என்றார்.

இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை என்னையறியாமல் கையில் எடுத்திருந்தேன். அதில் அவ்வளவு பச்சை. சொல்லவேண்டும் என்று நினைத்தேன், நாக்கு எழவில்லை. பெயரைச் சொன்னால் தாள் கேட்பார், தாள் கேட்டால் குவெஸ்தூரா. கடல் கடந்து வந்ததெல்லாம் அந்த முற்றத்தோடு முடியும். சொல்லாவிட்டால் என் பிழை அக்காவின் மகள் தலையில் விழும். இரண்டும் தெரிந்தது. தெரிந்தும் நின்றேன். அதை நான் இன்றுவரை எனக்கு மன்னிக்கவில்லை.

"தா இஞ்சை" என்றார் அக்கா.

துணியை என் விரல்களிலிருந்து இழுத்தெடுத்தார். அதை எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். "இயோ" என்றார், இத்தாலியத்தில். நான்.

பெரியவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். எதனால் தேய்த்தாய் என்று கேட்டார். அக்கா குசினிக்குப் போய்ப் பழப்புளி உருண்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அவர் மணந்து பார்த்தார். ஏன் தேய்த்தாய் என்று கேட்டார்.

அக்கா அந்தப் பெண்ணிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீங்கள் வருகிறீர்கள், எங்கள் ஊரில் ஆட்கள் வருவதென்றால் முதலில் வீடு வெளிக்கும். களிம்பை நாங்கள் அழுக்கென்றுதான் படித்திருக்கிறோம். நீங்கள் அதை வயது என்று படித்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டேன். இப்போது தெரியும்.

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. மகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நானென்றால் காலில் விழுந்திருப்பேன்.

பெரியவர் கோயிலுக்கு முன்னால் போய், வெறும் கல்லில் முழங்காலில் இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தம்பி மகன் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா துணியை நான்காக மடித்துக்கொண்டு நின்றார். மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

பெரியவர் எழுந்து வந்து சின்னோராவிடம் நேரே கதைத்தார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். நடந்தது பெரிய இழப்பு, அதை மறைத்துப் பேச மாட்டேன். இது திரும்பப் பச்சையாவதை இங்கே நிற்கும் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அது வரத் தொடங்கவேண்டுமென்றால், இனி யாரும் இதைத் துடைக்காமல் பார்க்க இங்கே ஒரு ஆள் வேண்டும். இந்த உலகத்தில் இனி ஒருபோதும் இதைத் துடைக்கமாட்டார் என்று நான் உறுதியாக நம்பக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான். சங்கம் இந்த இடத்தைப் பொறுப்பெடுக்கும். இவர் இங்கேயே இருக்கட்டும்.

சின்னோரா சிரித்தார். அந்த முற்றத்தில் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. தம்பி மகன் சப்பாத்தைத் தேடிக்கொண்டு போனார்.

மகள் பங்குனியில் வந்தாள், பதினெட்டு முடிய மூன்று கிழமை இருக்கும்போது. விமான நிலையத்துக்கு நானும் போனேன். மெலிந்த பிள்ளை, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. ஐந்து வருடம் காணாத தாய் கட்டிப்பிடிப்பார், அழுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கிட்டப் போய்க் கையை நீட்டி, "தா இஞ்சை" என்று பையை வாங்கினார். மற்றப் பையையும் வாங்கினார். பிறகு இரண்டையும் நிலத்தில் வைத்துவிட்டு, தானும் நிலத்தில் இருந்து அழுதார்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. தாள் இல்லாதவர்களுக்குத் தாள் கொடுக்க அரசாங்கம் ஒரு வாசலைத் திறந்தது, பொலிதேயாமா வீட்டுச் சின்னோரா கையெழுத்துப் போட்டார், எனக்கும் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அதை வாங்கிய கிழமையே, அந்தப் பெரியவர் மறுபடி வருகிறார் என்று மகள் சொன்னாள். என் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும், நான்தான் செய்தேன் என்று. இனி என்ன பயம்? எல்லாத் தாளும் என் கைப்பையில் இருந்தன. இத்தாலிய வசனங்களைக்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

வந்தார். அவருக்கு நடை தளர்ந்திருந்தது. நேரே மணியிடம் போனார். பொன் நிறம் போய் மண் நிறமாகியிருந்தது. கீழ் விளிம்பில், மழைத்துளி நின்று சொட்டுகிற இடத்தில், நகக்கண் அளவு பச்சை. அக்கா அதைச் சுட்டிக் காட்டிய பெருமையைப் பார்க்கவேண்டும், பேரப்பிள்ளைக்கு முதல் பல் முளைத்தாற்போல. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன். மொழிபெயர்க்கிற பெண் என் பக்கம் திரும்பினாள். "இயோ" என்று தொடங்கினேன்.

"என் தங்கச்சி" என்று அக்கா இத்தாலியத்தில் குறுக்கே விழுந்தார். "மணியை ஒருக்கா அடித்துப் பார்க்க இவளுக்கு ஆசை. கேட்க வெட்கப்படுகிறாள்."

பெரியவர் மலர்ந்து போனார். மரத்தடியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை என் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடித்தேன். பெரிய சத்தமில்லை. ஆனால் நின்று, நீண்டு, நான் தடியைக் கீழே வைத்தபிறகும் முற்றத்தில் இருந்தது. இரண்டரை மணித்தியாலம் தேய்த்த மணியின் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

அவர்கள் போனபிறகு குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் சொல்லவிடவில்லை என்று கேட்டேன். இப்போது என்னிடம் தாள் இருக்கிறது, மகளும் வந்துவிட்டாள், என் பிழையை இனியாவது நானே வைத்திருக்கிறேனே என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது.

"அது இப்ப என்ரை. வாங்கினதை நான் ஆருக்கும் திருப்பிக் குடுத்துக் கண்டிருக்கிறியோ?" என்றார்.

"மலையிலை என்ரை செருப்பைத் தந்தனீங்கள்தானே?"

அக்கா குழாயை மூடினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செருப்பு உன்ரை அளவு, பிள்ளை. இது உன்ரை அளவில்லை."

அடுத்த வருடம் நான் கலியாணம் கட்டி வேறு நாட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அன்று அந்தக் குசினியில், கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பதற்காக நான் ஒரு ஈரக் கோப்பையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"தா இஞ்சை" என்றார்.